இன்னும் ஒரே ஒரு வீடு

ஆரோக்கியராஜ் கமாண்டோ ஆவதற்கு முன்பே அவனுக்கு பேனர் வைத்துவிட்டார்கள். சிதம்பரம் மேலவீதி முனையில், நகைக்கடை விளம்பரத்துக்கும் ஒரு காதுகுத்து பேனருக்கும் நடுவில், பன்னிரண்டு அடி உயரத்தில் நின்றான். பல்கலைக்கழக மைதானத்தில் அவனோடு ஓடிய பையன்கள் சேர்ந்து வைத்தது. பின்னால் ஒரு பாராசூட், ஒரு புலி, இரண்டு ஹெலிகாப்டர். அவன் ராணுவ உடுப்பில் எடுத்த படம் எதுவும் பேனர் கடைக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவர் யாரோ ஒரு வெளிநாட்டுச் சிப்பாயின் கழுத்துக்கு மேல் ஆரோக்கியராஜின் தலையை ஒட்டவைத்திருந்தார். தலைக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. கீழே கொட்டை எழுத்தில், ‘எதிரியின் தூக்கம் கெடுக்கப் புறப்பட்ட எங்கள் சிங்கமே!’ என்றிருந்தது. புலிக்குக் கீழே சிங்கம் என்று எழுதலாமா என்று யாரும் கேட்கவில்லை.

பேனர் ஏறிய அதே வாரத்தில் சிங்கம் வடக்கே ஒரு மலைக்காட்டில், சாலையோரக் கல்லின் மேல் உட்கார்ந்து, “எனக்கு இது வேண்டாம், என்னை அனுப்பிவிடுங்கள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவன் அம்மா ஜெயராணி அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். பால் பாக்கெட் வாங்க அனுப்பினாலும் ஓடித்தான் போவான். ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் கடலூர் மாவட்டத்தில் அவன் முதுகைப் பார்த்தவர்கள்தான் உண்டு, முகத்தைப் பார்த்தவர்கள் கிடையாது. ஐயாயிரம் மீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. எந்தச் சுற்றில் அடக்கி ஓடவேண்டும், எந்தச் சுற்றில் அவிழ்த்துவிடவேண்டும் என்பது அவன் கால்களுக்கே தெரியும். தலைக்கு அங்கே வேலை இல்லை.

2005இல் கடலூரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது அவன் வரிசையில் ஜட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஒருவன் பதினோராவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். பழம் உரித்த பூவன் குலைக்காம்புக்குக் கை கால் முளைத்த மாதிரி ஒரு ஒல்லி ஆள். பெயர் வைத்திலிங்கம். சிப்காட்டை ஒட்டிய கிராமம். ஏதோ ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை.

“ஐம்பது கிலோ வேணுமாம் மச்சான். நான் நாப்பத்தெட்டு,” என்றான் வைத்தி, முன்பின் தெரியாத ஆரோக்கியராஜிடம். “ரெண்டு சொம்பு தண்ணியும் குடிச்சிருக்கேன். என்னைச் சிரிக்க மட்டும் வெச்சிடாத. எல்லாம் வெளிய வந்துரும்.”

எடை ஐம்பது கிலோ நூறு கிராம் வந்தது. இயந்திரத்திலிருந்து இறங்கி, நேரே மைதானத்து மூலைக்குப் போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்தபோது நாற்பத்தெட்டாகத்தான் இருந்திருப்பான், ஆனால் அதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.

இருவருக்கும் ஒரே பட்டாலியன் வாய்த்தது. 2008இல் சிறப்புப் படைக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மூன்று மாதச் சோதனை. தேறினால் மெரூன் தொப்பி. பெயர் கொடுக்கச் சொல்லி ஆரோக்கியராஜைப் பட்டாலியனே தள்ளியது. வைத்தி தானாகவே கொடுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, “அங்க முட்டை ஜாஸ்தியாம்,” என்றான். அரை பட்டாலியன் சிரித்தது. மீதி அரைக்கு அப்போது டியூட்டி.

சோதனைக்கு அறுபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் நாற்பது நாளும் ஆரோக்கியராஜ்தான் முதல். கயிறு ஏறுவதில், நீச்சலில், முதுகில் சுமையோடு மலை ஏறுவதில், எல்லாவற்றிலும். வைத்தி எப்போதும் கடைசி அல்லது கடைசிக்கு முன். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத்கள் அவனை ‘மச்சர்’ என்று கூப்பிட்டார்கள். இந்தியில் கொசு என்று அர்த்தம். வைத்தி அதை மச்சான் என்று எடுத்துக்கொண்டு, “சொல்லு மச்சான்” என்று தமிழிலேயே பதில் சொன்னான். அர்த்தம் தெரிந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

நாற்பத்தோராம் நாள், இருபத்திரண்டு கிலோ சுமை, துப்பாக்கி, இருபது கிலோமீட்டர். முடியும் இடத்தில் லாரி நிற்கும், ஏறிக்கொள்ளலாம் என்றார்கள். ஆரோக்கியராஜ் இருபதைச் சுற்றுச் சுற்றாக மனதில் நறுக்கிக்கொண்டான். கடைசி இரண்டு கிலோமீட்டரில் இருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து, லாரியின் பின்பலகையைத் தொட்டான். தொட்ட கையோடு லாரி கிளம்பிப் போயே போய்விட்டது.

ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றது. பற்களைக் கடித்துக்கொண்டு ஓடினான். தொட்டான். மறுபடி கிளம்பியது. மூன்றாவது முறை அவன் பலகையை நெருங்கியபோது, உள்ளே உட்கார்ந்திருந்த உஸ்தாத் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

“இன்னும் எவ்வளவு தூரம், உஸ்தாத்?”

“எனக்கென்ன தெரியும்? டிரைவரைக் கேள்.”

டிரைவர், “உஸ்தாத்தைக் கேள்,” என்று சொல்லி கியர் போட்டான்.

அங்கேதான் கல்லின் மேல் உட்கார்ந்தான் ஆரோக்கியராஜ். கால் பிடிக்கவில்லை, மூச்சு இரைக்கவில்லை. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, “இவன் இன்னும் முப்பது ஓடுவானே,” என்று ஆச்சரியப்பட்டார். உடம்பு தயாராகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே எதுவோ, சுற்று எத்தனை என்று சொன்னால்தான் ஆயிற்று என்று குழந்தைபோல் தரையில் புரண்டு அழுதது. விலகுகிறவர்களுக்காகவே சாலையோரம் ஒரு மேஜை போட்டு, சூடான டீயும் பக்கோடாவும் வைத்திருந்தார்கள். அந்த வாசனையும் சோதனையில் ஒரு பாகம். அவன் அதைத் தொடவில்லை. படிவத்தை மட்டும் வாங்கினான்.

ஒரு மணி நேரம் கழித்து வைத்தி வந்தான். ஓடியும் வரவில்லை, நடந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிழட்டு மாடு போல் ஒரு நடை. உதடு மட்டும் ஏதோ வசவை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“என்னாடா மச்சான், ஒக்காந்துட்ட?”

“லாரி போய்க்கிட்டே இருக்குதுடா.”

“போவட்டும். டீசல் அவுங்களுதுதான?”

சொல்லிவிட்டு நிற்காமல் போனான். மூன்று மாத முடிவில் ஒன்பது பேர் தேறினார்கள். ஒன்பதாவது ஆள் கொசு.

2009 சித்திரையில் ஆரோக்கியராஜ் லீவில் சிதம்பரம் வந்தபோது பேனர் அப்படியே இருந்தது. வெயிலில் புலி வெளுத்துப் பூனையாகியிருந்தது. பையன்களிடம் எடுக்கச் சொல்ல வெட்கம். விடிந்தும் விடியாமலும் தானே ஏணி போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தான். எதிர் டீக்கடையிலிருந்து, “எவன்டா அது, சிங்கத்தைக் கிழிக்கறது?” என்று சத்தம். நாலு பேர் ஓடி வந்து ஏணியைப் பிடித்தார்கள். அண்ணாந்து முகத்தைப் பார்த்தார்கள். “டேய், சிங்கமேதான்டா கிழிக்குது.”

அதற்குப் பிறகு எதை மறைப்பது? குறிஞ்சிப்பாடிக்காரன் ஒருவன் அதே பட்டாலியனில் இருந்தான்; அவன் வழியாக பக்கோடா விஷயமும் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு தட்டு பக்கோடாவுக்கு ஆசைப்பட்டு கமாண்டோ வேலையை விட்டவன் என்று பேச்சு. நூலகத்தில் பேராசிரியர்களே ஜெயராணியிடம் துக்கம் விசாரித்தார்கள்.

“பக்கோடாதான் வேணும்னா நான் போட்டு அனுப்ப மாட்டனாடா?” என்றாள் ஜெயராணி.

“நான் அதத் தொடவே இல்லம்மா!”

“தொடாமயே விட்டுட்டு வந்தியா? அது இன்னும் கேவலம்.”

அந்த வாரத்தில் ஒரு காலை, டிவிஎஸ் வண்டியில் வைத்தி வந்து இறங்கினான். கல்யாண லீவு. வைகாசியில் கல்யாணம், பெண் பெயர் அருள்மொழி, காரைக்காட்டுப் பெண். முன்னால் பை நிறையப் பத்திரிகை. பின்னால் கல்யாண வீட்டுக்கென்று சிதம்பரத்தில் வாங்கிய இருபது கிலோ அரிசி மூட்டை. மெரூன் தொப்பியைக் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, “வெயிலுக்குத் தாங்காது, எங்கம்மா அதுல முட்டை வெச்சிருக்குது,” என்றான்.

ஆரோக்கியராஜ் நேரடியாகவே கேட்டான். “நீ எப்புடிடா முடிச்ச? உண்மையச் சொல்லு. என்னால ஓட முடிஞ்சதுல பாதிகூட உன்னால ஓட முடியாது.”

வைத்தி காபியை ஆற்றினான். “கம்பெனில ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும்பாங்க. ஆறு மணிக்கு மாத்தாள் வர மாட்டான். இன்னும் கொஞ்ச நேரம் பாருடாம்பாங்க. அது மறுநாக் காலைல வரைக்கும் போவும். ஆறு மணின்னு நெனச்சிக்கிட்டு வேல செஞ்சன்னு வெய்யி, ஆறு மணிக்கு அழுவ வரும். எனக்கு மொத வாரம் வந்துது. அப்புறம் எப்ப முடியும்னு கேக்கறதையே விட்டுட்டேன். டீ வந்தா குடிப்பேன். வரலன்னா திட்டுவேன். அவ்ளோதான், வேற ஒண்ணும் கிடையாது.”

“அவ்ளோதானா?”

“உனக்குத்தான் ஒடம்பு இருக்குதே, நீ ஏன் இதெல்லாம் கத்துக்கப்போற?”

கேலி செய்கிறானா என்று தெரியவில்லை. ஆனாலும் அது உள்ளே போய்த் தைத்தது. பட்டாலியனில் மேலதிகாரி சம்மதித்தால் இன்னொரு முறை பெயர் கொடுக்கலாம். கேட்கவா வேண்டாமா என்று ஐந்து மாதமாக அவன் குழம்பிக்கொண்டிருந்தான்.

“பத்திரிகை வைக்க நானும் வர்றேன்,” என்றான்.

“வண்டில எடம் இல்லியே. அரிசி ஒக்காந்திருக்குதே.” வைத்தி மூட்டையைத் தட்டிப் பார்த்தான். முகத்தில் ஒரு அயோக்கியச் சிரிப்பு வந்தது. “அரிசிய முதுகுல கட்டிக்க. ஓடி வா.”

“எது வரைக்கும்?”

“இன்னும் ஒரே ஒரு வீடு இருக்குது மச்சான். அத முடிச்சிட்டா ஆச்சு.”

அந்த ஒரே ஒரு வீடு வண்டிகேட்டில் இருந்தது. அங்கே காபி குடித்தார்கள். வைத்தி வெளியே வந்து வண்டியை உதைத்து, “இன்னும் ஒரே ஒரு வீடு,” என்றான். அது வெள்ளாற்றுப் பாலம் தாண்டி முட்லூரில் இருந்தது. அங்கிருந்து இன்னும் ஒரே ஒரு வீடு, சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே. அங்கே வீடு பூட்டிக் கிடந்தது. கதவிடுக்கில் பத்திரிகையைச் செருகிவிட்டு வந்தார்கள்.

மணி பத்தானபோது சித்திரை வெயில் தார் சாலையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. ராணுவப் பையில் பொன்னி அரிசி ஒவ்வொரு எட்டுக்கும் முதுகை ஒரு தட்டுத் தட்டியது. நுங்கு விற்ற ஒரு பெண் அவனை நிறுத்தி, தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“வேண்டுதலா தம்பி? கழுத்துல சிலுவை போட்டிருக்கறியே, வேளாங்கண்ணிக்கா?”

இல்லை என்று சொல்ல மூச்சு இடம் கொடுக்கவில்லை. தலையை எப்படியோ ஆட்டினான்.

“அடப்பாவி, வேளாங்கண்ணி தெக்கல்ல இருக்குது! நீ வடக்கப் பாத்து ஓடுற!” அவள் உண்மையாகவே பதறினாள். அவன் ஓடியபின்னும், திரும்பு, திரும்பு என்று பின்னால் கத்திக்கொண்டிருந்தாள்.

புதுச்சத்திரத்தில் வைத்தியின் அத்தை சின்னம்மாள் இருவரையும் உட்காரவைத்து இலை போட்டாள். ஆரோக்கியராஜ் சுமையை இறக்கப் போனான். “இறக்காத, அப்புறம் ஏத்த மனசு வராது,” என்றான் வைத்தி. சுமையோடு சம்மணம் போட முடியாமல் ஆமை போல் சாய்ந்து சாப்பிட்டான். அத்தை வைத்தியின் காதில், “இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள். “ஒடம்பெல்லாம் சரியாத்தான் இருக்குது அத்த,” என்றான் வைத்தி.

ஆலப்பாக்கம் தாண்டியதும் அது வந்தது. மலைக்காட்டில் வந்த அதே அழுகை. எத்தனை வீடு மீதி? பையில் எத்தனை பத்திரிகை? வைத்தி பையைத் திருப்பி மறைத்து வைத்திருந்தான். பத்து என்று சொன்னால் பத்தையும் முடித்துவிடுவான். இருபது என்றாலும் சரி. ஒரு எண்ணைச் சொல்லித் தொலைத்தால் போதும். வண்டி முன்னால் புகைவிட்டுக்கொண்டு வளைவில் மறைந்தது. ஆரோக்கியராஜ் ஒரு புளியமரத்தில் கையை ஊன்றி நின்றான். இருபத்துநாலு வயது ஆண்பிள்ளை, மூக்கொழுக அழுதான்.

கடலூர் போகும் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அவன் கை காட்டவில்லை. நிற்கும் கோலத்தைப் பார்த்து டிரைவரே நிறுத்தியிருக்க வேண்டும். அவன் கால் தானாகவே படியில் ஏறியது.

“எங்க?” என்றார் கண்டக்டர், டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டு.

ஆரோக்கியராஜ் விழித்தான். “தெரியல.”

“எங்க எறங்கணும்னு தெரியலியா?”

“தெரியல சார். அவன் சொல்ல மாட்டேங்கறான்.”

“எவன்?” கண்டக்டர் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. முதுகில் மூட்டை, முகத்தில் கண்ணீர், கழுத்தில் சிலுவை. “போற எடம் தெரியாதவனுக்கு நான் எந்த ஊருக்குப்பா டிக்கெட் கிழிக்கறது? எறங்கு, எறங்கு. வண்டி லேட்டாவுது.”

இறங்கினான். விசில் அடித்து பஸ் போயிற்று. அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது, அப்புறம் வயிற்றில். தனியாக நடுரோட்டில் நின்று, அரிசி குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பஸ்ஸுக்கே அவன் முடிகிற இடம் தெரியாது. டிரைவருக்குத் தெரியாது, உஸ்தாத்துக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாத ஒன்றை அவன் மட்டும் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தான்? சிரிப்பு அடங்கும்போது ஓட ஆரம்பித்திருந்தான். எப்போது ஆரம்பித்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

அதன்பிறகு வந்த வீடுகளை அவன் எண்ணவில்லை. ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் நாய். சிப்காட் நெருங்க நெருங்க அந்த அழுகிய முட்டை நாற்றம் வந்தது. வைத்தி மூக்கை நிமிர்த்தி, “எங்க ஊரு செண்டு,” என்றான். கொஞ்ச தூரத்தில் டிவிஎஸ் பெட்ரோல் தீர்ந்து நின்றது. வைத்தி இறங்கித் தள்ள ஆரம்பித்தான். அவன் முட்டிகள் ஏற்கெனவே கிறீச்சிட்டுக்கொண்டிருந்தவை. ஆரோக்கியராஜ் அவனைத் தாண்டிப் போனான்.

“மச்சான், நில்லு! இந்தத் தெருதான்! வீடு வந்துருச்சு!”

அவன் நிற்கவில்லை. வாசலில் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த வைத்தியின் அம்மா கொளஞ்சியம்மாள், தன் வீட்டுக் கல்யாண அரிசி முதுகில் ஏறித் தெருவைக் கடந்து போவதைக் கண்ணால் பார்த்தாள். “ஐயோ அரிசி! அரிசி போவுது, புடிங்க!” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு மருமகன்கள். ஊர்க்கோடியில், குளத்தங்கரையில்தான் பிடித்தார்கள்.

“முடிஞ்சிருச்சா?” என்றான் ஆரோக்கியராஜ், புரியாமல்.

“என்னாத்த முடியறது? மூட்டைய எறக்குடா!” என்றாள் கொளஞ்சியம்மாள்.

கல்யாணத்தில் அந்த அரிசியைத்தான் ஆக்கினார்கள். கொஞ்சம் நொய்யாகிப் போயிருந்தது என்று சம்பந்தி வீட்டில் குறை.

அந்த வருஷக் கடைசியில் அவன் மறுபடி பெயர் கொடுத்தான். லாரி இந்த முறை ஆறு தரம் நகர்ந்தது. ஆரோக்கியராஜ் முதலாவதாக வரவில்லை. ஏழு பேர் தேறியதில் நாலாவது. ஊரில் பையன்கள் பேனர் வைக்கக் கிளம்பினார்கள்; ஜெயராணி அவர்களை நூலகத்துக்குள்ளேயே நிற்கவைத்துத் திட்டி அனுப்பினாள். அதன்பிறகு இருவரும் ஒரே யூனிட்டில் இருந்தார்கள். பள்ளி ஆண்டு விழாக்களுக்கு ஆரோக்கியராஜைக் கூப்பிட்டு மன உறுதி பற்றிப் பேசச் சொல்வார்கள். அவன் அரிசிக் கதையைச் சொல்வான். பிள்ளைகள் சிரிப்பார்கள், தலைமையாசிரியர் நெளிவார்.

ஆனால் உடம்பும் சும்மா விடவில்லை. 2011இல் ஒரு பாராசூட் குதிப்பில் வைத்தியின் வலது முட்டி போயிற்று. இடதும் தேய்ந்துதான் இருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். வாழைப்பழம் தின்று ஐம்பது கிலோ ஆன உடம்பு, எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? இனி குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, ஸ்டோர்ஸில் கம்பளி எண்ணும் வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

2012 பொங்கலுக்கு ஆரோக்கியராஜ் ஊருக்கு வந்திருந்தபோது அருள்மொழி போன் செய்தாள். “அண்ணே, வந்து ஒம்போது நாளாச்சு. செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்தவருதான். பேச மாட்டேங்கறாரு. நீங்க வந்து நல்லா நாலு திட்டு திட்டுங்க.”

போனான். ‘தானே’ புயலில் ஓடு பறந்த கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே வைத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஆரோக்கியராஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வைத்தியே பேசினான், சுவரிடம்.

“எப்ப முடியும்னு தெரியாத வரைக்கும் நல்லாத்தான் மச்சான் இருந்தேன். முடிஞ்சிருச்சின்னு எழுதியே குடுத்துட்டாங்க பாரு. அத வெச்சிக்கிட்டு என்னா செய்யறதுன்னு தெரியல.”

ஆரோக்கியராஜ் பள்ளிக்கூட மேடைகளில் பேசியதையெல்லாம் ஒருமுறை மனதில் புரட்டினான். ஒன்றும் உதவாது என்று தெரிந்தது. அவன் அழுத அழுகைக்கு வைத்தி வழி காட்டினான்; வைத்தியின் அழுகைக்கு அவனிடம் ஒன்றும் இல்லை. அருள்மொழி சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து ஆரோக்கியராஜின் முன்னால் வைத்தாள். பசித்தது. சாப்பிட்டான். இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

கட்டிலில் அசைவு கேட்டது.

“டேய், அது எனக்கு வெச்ச கொடுவாத் தலைடா.”

“பாதிதான் தின்னிருக்கேன்.”

வைத்தி கைத்தடியைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே எழுந்து வந்து உட்கார்ந்தான். அருள்மொழி இன்னொரு தட்டு எடுக்கப் போனாள்.